கருத்துக் கேட்புக் கூட்டம்: கை தூக்கினால் திட்டம் நிற்காது, ஆனாலும் டெல்டா இதை ஏன் விடக்கூடாது?

தாராசுரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். ஐராவதேசுவரர் கோயிலைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதைத் தாண்டி அடுத்த 200 மீட்டருக்குள் மாடி எடுக்கணும்னாகூட அனுமதி வாங்கணும். 2010-ல் திருத்தப்பட்ட பழங்கால நினைவுச் சின்னங்கள் சட்டம் அப்படிச் சொல்கிறது. தறிக்கு இடம் பத்தலைன்னு பின்பக்கம் ஒரு அறை போட நினைக்கிற நெசவாளர்கூட அந்த அளவுநாடாவைத் தாண்ட முடியாது. ஊரில் புலம்பல் உண்டு. ஆனால் 12-ம் நூற்றாண்டுக் கோயில், 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற கோயில். விதி வேண்டாம்னு யாரும் சொல்வதில்லை.

இப்போது இன்னொரு கணக்கு. நிலத்துக்கு அடியில் எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிறுவனம் சோதனைக் கிணறு தோண்ட வேண்டும். ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். இதற்கு அந்த ஊர் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமா? 2020 ஜனவரி 16 வரை கேட்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வந்த மத்திய அரசு அறிவிக்கைக்குப் பிறகு, வேண்டாம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் இன்று புதிதாக அப்படி ஒரு கிணறு வர முடியாது, மாநிலச் சட்டம் ஒன்று தடுக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் "தடைதான் இருக்கே, கூட்டம் எதுக்கு?" என்று நினைப்பவர்களுக்காகவும், "கூட்டமா, அது ஒரு கண்துடைப்பு" என்று சொல்பவர்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை. இரண்டு பேச்சையும் டெல்டாவில் நிறையக் கேட்க முடியும். இரண்டுமே பாதி சரி என்பதுதான் சிக்கல்.

முதலில், இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது?

1984-ல் போபால் விஷவாயு. அதன் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1994-ல், பெரிய திட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே அவற்றால் என்ன பாதிப்பு வரும் என்று ஆய்வு செய்து அனுமதி வாங்க வேண்டும் என்ற அறிவிக்கை வந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, சுருக்கமாக இஐஏ. மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது 1997-ல்தான் அதில் சேர்ந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14-ல் வெளியான அறிவிக்கை. அதற்குப் பின் அதில் செய்யப்பட்ட திருத்தங்களை எண்ணி முடிக்க முடியாது.

கூட்டம் எப்படி நடக்கணும் என்று அந்த அறிவிக்கையின் நான்காவது பிற்சேர்க்கை விலாவாரியாகச் சொல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்புக் கொடுக்கணும், அதில் ஒன்று மாநில மொழி நாளிதழ். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் போன்ற இடங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கணும். கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்கணும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்கணும். முழுக்க வீடியோ எடுக்கணும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் கேள்வி கேட்க வாய்ப்புத் தரணும். முடிவில், யார் என்ன சொன்னார்கள் என்ற பதிவை அங்கேயே உள்ளூர் மொழியில் படித்துக் காட்டி, அன்றைக்கே ஆட்சியர் கையெழுத்துப் போடணும்.

படித்துப் பார்த்தால் நல்லாத்தான் இருக்கு. எல்லாம் எழுத்தில்.

ஓட்டெடுப்பு என்று நினைத்தால் ஏமாற்றம்தான்

பலரும் தவறாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். கூட்டத்தில் ஆயிரம் பேர் "வேண்டாம்" என்று கை தூக்கினாலும் திட்டம் சட்டப்படி ரத்தாகாது. ஒருவர்கூட வராவிட்டாலும் கூட்டம் செல்லும். ஆரம்பிக்க இத்தனை பேர் வந்திருக்கணும் என்ற குறைந்தபட்சக் கணக்கே கிடையாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது. ஊரே புறக்கணித்தாலும் "கூட்டம் நடந்தது, எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை" என்று கோப்பு மேலே போகும்.

இன்னொரு விதி இருக்கிறது, அதைப் பேசுகிறவர்கள் குறைவு. உள்ளூர் நிலவரம் காரணமாக மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும்படி கூட்டம் நடத்த முடியாது என்று அதிகாரி அறிக்கை கொடுத்தால், அனுமதி தரும் அமைப்பு அதைப் பரிசீலித்து, அந்தத் திட்டத்துக்குக் கூட்டமே தேவையில்லை என்று முடிவு செய்யலாம். அதாவது, கூச்சல் போட்டுக் கூட்டத்தைக் கலைப்பது சில நேரம் நிறுவனத்துக்குச் செய்யும் உதவியாகவே ஆகிவிடலாம். 2023 ஜனவரி 31-ல் சென்னை கலைவாணர் அரங்கில் பேனா நினைவுச் சின்னத்துக்கான கருத்துக் கேட்பு எப்படி நடந்தது என்று பார்த்தவர்களுக்குப் புரியும். ஆதரவும் எதிர்ப்புமாகக் கத்தித் தள்ளிக்கொண்டதுதான் செய்தியானது. கடலுக்குள் கட்டுவதால் மீனவர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி மறுநாள் தலைப்பில் இல்லை.

அப்புறம் எதுக்கு இந்தக் கூட்டம்?

என் பதில்: பதிலுக்காக. கூட்டத்தில் எழுப்பிய ஒவ்வொரு பிரச்சினைக்கும் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லி, இறுதி அறிக்கையைத் திருத்த வேண்டும். அந்தப் பட்டியல் நிபுணர் குழுவுக்குப் போகும். 2009-ல் கோவா இரும்புத் தாதுச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், மக்கள் சொன்ன ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்ததற்கான காரணங்கள் பதிவில் இருக்க வேண்டும் என்று சொன்னது. அனுமதி வந்த பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு போக 30 நாள் அவகாசம். அங்கே போய் நிற்கும்போது கையில் இருக்கக்கூடிய வலுவான ஆவணம், "அன்றைக்கே கேட்டோம், பதில் வரவில்லை" என்பதைக் காட்டும் ஆட்சியர் கையெழுத்திட்ட பதிவுதான்.

உரக்கக் கத்திய "வேண்டாம்" என்பதற்குப் பதில் தேவையில்லை. "எங்க ஊர் வாய்க்காலுக்கு அடியில் குழாய் எத்தனை மீட்டர் ஆழத்தில் போகும்?" என்ற கேள்விக்குத் தேவை.

டெல்டாவுக்கு என்று சில கேள்விகள் இருக்கின்றன

இந்த அறிக்கைகளில் டெல்டாவுக்குப் பொருந்தாத ஒரு பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. காற்று, நீர், மண் எப்படி இருக்கிறது என்ற அடிப்படைத் தரவை பொதுவாக ஒரே ஒரு பருவத்தில், அதுவும் மழைக்காலம் அல்லாத பருவத்தில் எடுத்தால் போதும் என்பது நடைமுறை. வேறு ஊருக்கு இது சரியாக இருக்கலாம். நமக்கு?

அரசலாறு ஏப்ரலில் எப்படி இருக்கும், நவம்பரில் எப்படி இருக்கும் என்று தாராசுரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனைக் கேட்டால் சொல்வான். ஏப்ரலில் மணல் தெரியும். மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது கல்லணை தாண்டி வந்து சேரும்போதுதான் ஆறு ஆறாகும். வடகிழக்குப் பருவமழை வந்தால் ஆறு, வாய்க்கால், வடிகால், வயல் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். கிணற்றடியிலிருந்து வழிகிற எண்ணெயோ, துளையிடும்போது வெளியே வரும் சேற்றுக் கழிவோ, உப்புநீரோ சம்பாப் பயிருக்குள் போகும் என்றால் அது அந்த மாதங்களில்தான். கோடையில் எடுத்த தரவில் அந்தத் தண்ணீரே இருக்காது. "இந்த அளவை எந்த மாதம் எடுத்தீங்க?" என்ற ஒரே கேள்வி பல நூறு பக்க அறிக்கையை ஆட்டிவிடும்.

அதே மாதிரி, வாய்க்கால் கணக்கு. வரைபடத்தில் ஆறுகளுக்குப் பெயர் இருக்கும். 'ஏ' பிரிவு, 'பி' பிரிவு வாய்க்கால்கள் சில நேரம் இருக்கும். வயலுக்கு வயல் போகும் கன்னிகள் இருக்குமா? இருக்காது. அது ஊரில் தண்ணீர் கட்டுகிறவருக்குத்தான் தெரியும். அந்த மனிதர் வாய் திறந்து பேசி, அது பதிவாகிறதே, அதுக்குப் பெயர்தான் கருத்துக் கேட்பு. ஆலோசனை நிறுவனத்தின் லேப்டாப்பில் இல்லாத தகவல் அது.

கூட்டத்தின் தேதியும் ஒரு கேள்விதான். அறுவடை நேரத்தில் வேலை நாள் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்? நிலம் வைத்திருப்பவர் ஒருவேளை வருவார். குத்தகைக்குப் பயிர் செய்பவரும் நடவு, களையெடுப்புக்குப் போகும் பெண்களும் வர மாட்டார்கள். நிலம் போனால் முதலாமவருக்கு இழப்பீடு உண்டு. மற்ற இருவருக்கும் வேலை போகும்.

மொழி விஷயத்துக்கு வரலாம். முழு அறிக்கையைத் தமிழில் தர வேண்டும் என்று விதி இல்லை. சுருக்கம் மட்டும் தமிழில் இருந்தால் போதும். அந்தத் தமிழ்ச் சுருக்கங்களைப் படித்துப் பாருங்க, வார்த்தைக்கு வார்த்தை மாற்றிப் போட்டதில் ஆங்கிலமே தேவலை என்று தோன்றும். 2020-ல் இஐஏ விதிகளையே மாற்ற ஒரு வரைவு வந்தது. அறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 ஆகக் குறைக்கச் சொன்ன வரைவு அது. அதையே ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வெளியிட்டார்கள். எட்டாவது அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 30-ல் சொல்ல வேண்டியிருந்தது. கருத்துகள் லட்சக்கணக்கில் குவிந்தன. அந்த வரைவு இறுதி ஆணையாகவில்லை. கேட்டால் பலன் உண்டு என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

கூட்டம் இல்லாத இடத்தில் என்ன நடந்தது?

டெல்டாவின் கடந்த பதினைந்து ஆண்டுக் கதையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். பெரிய முடிவுகள் எல்லாம் முதலில் எடுக்கப்பட்டன, ஊருக்குப் பிறகு தெரிந்தது.

மன்னார்குடி பகுதியில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் ஆனது. மீத்தேன் என்றால் என்ன, நிலத்தடி நீரை எவ்வளவு இறைப்பார்கள், கடல் பக்கத்திலிருந்து உப்புநீர் உள்ளே வருமா என்பதையெல்லாம் கிராமங்களுக்குச் சொன்னது அரசு அல்ல. ஊர் ஊராக நடந்த நம்மாழ்வார் போன்றவர்கள். அந்தப் பிரசாரப் பயணத்தின்போதுதான் 2013 டிசம்பர் 30-ல் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் அவர் இறந்தார். 2013-ல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழு போட்டது. 2015 அக்டோபரில் நிரந்தரமாகக் கைவிட்டது. ஐந்து வருஷப் போராட்டம், அதில் பாதி வெறுமனே "என்ன நடக்குது?" என்று தெரிந்துகொள்ளவே செலவானது.

2017 பிப்ரவரியில் நெடுவாசல். மத்திய அமைச்சரவை ஹைட்ரோகார்பன் ஒப்பந்தங்களுக்கு ஒப்புதல் தந்த செய்தியைப் பார்த்துத்தான் ஊர் கூடியது. அதே ஆண்டு ஜூன் 30-ல் திருவிடைமருதூர் வட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு. வயலில் எண்ணெய், தீ, தடியடி, கைதுகள். தாராசுரத்திலிருந்து பைக்கில் போய் வரும் தூரம்தான். கசிந்த குழாயை விட, "எங்க நிலத்தில் என்ன ஓடுதுன்னு எங்களுக்கே தெரியலையே" என்பதுதான் அன்று கொதிப்பாக இருந்தது என்பது என் எண்ணம்.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் சொல்லிவிடணும். டெல்டாவில் எரிவாயு எடுப்பது நேற்று வந்த விஷயம் இல்லை. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் மின்வாரியத்தின் எரிவாயு மின்நிலையங்கள் இருக்கின்றன, இரண்டும் 100 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல். நரிமணம் பகுதியில் 1993-லேயே சுத்திகரிப்பு ஆலை வந்தது. நாம் போடும் ஏசியிலும் அந்த எரிவாயு இருக்கிறது. "வேண்டவே வேண்டாம்" என்று சொல்ல ஒரு ஊருக்கு உரிமை உண்டு. "எவ்வளவு, எங்கே, எந்தப் பாதுகாப்போடு" என்று பேரம் பேசவும் உரிமை உண்டு. கூட்டமே இல்லையென்றால் இரண்டாவது பேச்சுக்கு இடமே இருக்காது. சாலைமறியல் மட்டும்தான் மிஞ்சும்.

அது எவ்வளவு தூரம் போகும் என்று தூத்துக்குடி காட்டியது. ஸ்டெர்லைட் ஆலையின் விரிவாக்கத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பு இல்லாமலே அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. 2018 மே 22-ல் ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. மறுநாள், மே 23-ல், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை விரிவாக்கத்துக்குத் தடை போட்டு, கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம் நடத்தச் சொன்னது. மறுநாள்.

2020: ஒரு கையால் எடுத்து, மறு கையால் கொடுத்தது

சோதனைக் கிணறுகளை 'பி2' என்ற வகைக்குக் கீழே இறக்கியதுதான் 2020 ஜனவரி அறிவிக்கை. பி2 என்றால் விரிவான தாக்க மதிப்பீடும் இல்லை, கருத்துக் கேட்பும் இல்லை. சோதனை முடிந்து வணிக ரீதியாக எடுக்க ஆரம்பிக்கும்போது இரண்டும் உண்டு என்பது அரசுத் தரப்பு வாதம். காகிதத்தில் சரி. ஆனால் கிணறு தோண்டி, வாயு இருக்கிறது என்று தெரிந்து, கோடிக்கணக்கில் பணம் போட்ட பிறகு ஊரைக் கூப்பிட்டு "என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டால், அது கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை.

அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் (அப்போது மயிலாடுதுறையும் அதற்குள்), கூடவே கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில ஒன்றியங்கள். இங்கே எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எடுப்பதும் அதற்கான ஆய்வுத் துளைகளும் கூடாது. தாமிர உருக்காலை, தோல் ஆலை போன்றவையும் கூடாது. நல்ல சட்டம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிணறுகளை அது தொடவில்லை, திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் வெளியே நின்றுவிட்டன என்ற குறைகளும் அன்றே பேசப்பட்டன.

என்னுடைய குறை வேறு. தடைப் பட்டியல் மேலிருந்து வருகிறது. இன்று ஒரு அரசு சேர்த்ததை நாளை இன்னொரு அரசு சட்டத் திருத்தத்தில் எடுக்கலாம். எண்ணெய் வளம் அரசமைப்புச் சட்டப்படி மத்தியப் பட்டியலில் இருக்கும் விஷயம் என்பதையும் மறக்க வேண்டாம். தடை ஒரு சுவர் என்றால், கேட்கப்படும் உரிமை ஒரு வாசல். சுவர் இருக்கிறது என்று வாசலை அடைக்க விட்டுவிட்டோம்.

மண்டலத்துக்கு வெளியே அந்த வாசல் இல்லாததன் விலையை ராமநாதபுரம் 2025-ல் பார்த்தது. அங்கே 20 சோதனைக் கிணறுகளுக்கு மார்ச் மாதம் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. பி2 என்பதால் கூட்டம் கிடையாது. விஷயம் வெளியே வந்து பெரிய செய்தியானது ஆகஸ்டில். அதன் பிறகு, அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறோம் என்று மாநில அரசு அறிவித்தது. 30 நாள் முன்னறிவிப்பு என்ற பழைய விதி இருந்திருந்தால், இந்தச் செய்தி அனுமதிக்கு முன்பே வந்திருக்கும்.

நிலக்கரியில் இதே பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. 2023 மார்ச் கடைசியில் மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியல் வெளியிட்டது. அதில் ஒரத்தநாடு பக்கம் வடசேரி, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி, கடலூரில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி. ஏப்ரல் 8-க்குள் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதாக அறிவிப்பு வந்துவிட்டது. வேகமான வெற்றி. மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டனும் அப்படித்தான்: 2024 நவம்பரில் ஏலம் முடிந்தது, 2025 ஜனவரியில் ரத்து. இரண்டிலும் ஊரைக் கேட்ட பிறகு ஏலம் விடவில்லை. இப்போதைய முறையில் கருத்துக் கேட்பு என்பது ஏலம், ஒப்பந்தம், ஆய்வு எல்லாம் முடிந்த பிறகு, வரிசையின் வாலில் நிற்கிறது. அதை முன்னால் கொண்டுவரச் சொல்வதுதான் இப்போது கேட்க வேண்டிய கோரிக்கை என்று நினைக்கிறேன். நடந்ததோ எதிர்த்திசையில். 2025 செப்டம்பரில், அணு கனிமங்களுக்கும் முக்கியமான, உத்திசார் கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று மத்திய அமைச்சகம் குறிப்பாணை போட்டது.

இந்தியாவில் முடியாத காரியம் இல்லை இது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதை 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளிடமே விட்டது. 12 கிராம சபைகள், 12-ம் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை. அது வன உரிமைச் சட்டத்தின் கீழ் பழங்குடிகளுக்குக் கிடைத்த வழி. நெல் விளைகிற ஊர்களுக்கு அந்தச் சட்டம் கிடையாது, அந்த மாதிரி ஒரு வழி ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கலாம்.

கெட்ட கம்பெனி மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. "நல்ல" திட்டங்களிலும் இதே ஓட்டை. பாசனத் திட்டங்களை நவீனப்படுத்தும் வேலைகளுக்குக் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று 2006 அறிவிக்கையே சொல்கிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும்: பழைய கால்வாயைச் சரி செய்ய எதுக்குக் கூட்டம்?

கல்லணைக் கால்வாயைப் பாருங்க. 2021-ல் தொடங்கிய புனரமைப்பு, மதிப்பு 2,600 கோடி ரூபாய்க்கு மேல். கரைக்கு மட்டுமில்லாமல் தரைக்கும் கான்கிரீட் போட ஆரம்பித்ததும் விவசாயிகள் இறங்கிப் போராடினார்கள். தண்ணீர் வேகமாகக் கடைமடைக்குப் போகும் என்பது பொறியாளர் கணக்கு. கால்வாய்த் தரை வழியாக ஊறும் தண்ணீரை நம்பித்தான் எங்கள் ஆழ்துளைக் கிணறும் ஏரியும் என்பது விவசாயி கணக்கு. இரண்டு பேரும் திட்டம் வரைபடத்தில் இருக்கும்போதே ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து பேசியிருக்கலாம். ஜேசிபி வந்த பிறகு ஆற்றுக்குள் நின்று பேசினார்கள்.

சரி, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிற நீங்க என்ன செய்யலாம்?

கூட்டத்துக்கு நேரில் போவது உள்ளூர் மக்களுக்கான ஏற்பாடு. ஆனால் திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ள யாரும் எழுத்தில் கருத்து அனுப்பலாம், அதுவும் பதிவில் சேரும். அப்பா பெயரில் ஒரு வேலி நிலம் தாராசுரம் பக்கம் இருந்தால் அந்த அக்கறையை நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. அறிக்கைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்திலும் மத்திய அரசின் பரிவேஷ் தளத்திலும் கிடைக்கும். எக்ஸெல் ஷீட்டும் பவர்பாயிண்டும் பார்த்தே வாழ்கிற நமக்கு, அந்த அறிக்கையில் தண்ணீர் பற்றிய அத்தியாயத்தைப் படித்து ஊரில் உள்ளவர்களுக்கு நாலு பக்கத் தமிழில் வாட்ஸ்அப் செய்வது பெரிய வேலை இல்லை. ஊரில் இருப்பவர்களுக்கு வாய்க்கால் தெரியும், அறிக்கை கையில் இருக்காது. நமக்கு அறிக்கை கையில் இருக்கும், வாய்க்கால் மறந்திருக்கும்.

எழுதும்போது ஒரு கடிதத்தில் இருபது விஷயம் வேண்டாம். பக்க எண் போட்டு மூன்று கேள்வி போதும். அனுப்பிய சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில அரசு டெல்லியைக் கேட்காமலே செய்யக்கூடியதும் இருக்கிறது. முழு அறிக்கையையும் மனிதர் படிக்கிற தமிழில் தரச் சொல்லலாம். விதியில் சுருக்கம் போதும் என்றுதான் இருக்கிறதே தவிர, முழுசாகத் தரக்கூடாது என்று இல்லை. குறுவை, சம்பா அறுவடை வாரங்களில் கூட்டம் வைக்காதே என்று ஆட்சியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும். பி2 வகைத் திட்டங்களுக்கும், அனுமதி தரும் முன் அந்த ஊராட்சிக்குத் தகவல் சொல்லி கிராம சபையில் வைக்கச் சொல்லலாம். ராமநாதபுரத்தில் அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்ன அரசுக்கு இதைச் செய்ய மனமில்லாமல் இருக்காது என்றுதான் நம்புகிறேன்.

கூட்டத்தில் உட்காருபவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். மூன்று மணி நேரம் பேசிக் களைத்து, சாப்பாட்டு நேரத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்துவிடுவார்கள். பதிவைப் படித்துக் காட்டுவது அதற்குப் பிறகுதான். "ஆட்சேபம் தெரிவித்தனர்" என்று ஒரே வரியில் இருந்தால், "நான் கேட்டது வாய்க்காலின் பெயர், மாதம், மீட்டர். அதை எழுதுங்க" என்று சொல்ல அந்த நிமிடம்தான் இருக்கிறது. கையெழுத்து விழுந்துவிட்டால் அதைத் திருத்த வைப்பது பெரும்பாடு. மோர் குடித்துவிட்டாவது உட்கார்ந்திருங்க.